ஆண்டவருடைய நாளும் நம்முடைய ஷிப்டும்

 

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. கோவிலில் இரண்டாம் மணி அடித்தாயிற்று. இஸ்திரி போட்ட சட்டையும் புதுப் பாவாடையுமாகப் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். அதே நேரத்தில் ஜி.என்.டி. சாலை ஓரத்தில் ஒரு கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. நைட் ஷிப்ட் முடித்தவர்கள் இறங்குகிறார்கள். கண்கள் சிவந்திருக்கின்றன, கையில் காலி டிபன் பாக்ஸ். அவர்களில் ஒருவர் நம் பங்கைச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். கோவில் வாசலைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று சிலுவை அடையாளம் வரைந்துகொள்கிறார். பிறகு தலையைக் குனிந்தபடி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்.

மூன்று வாரம், நான்கு வாரம் இப்படியே போகிறது. பிறகு ஒரு ஞாயிறு ஓய்வு கிடைக்கிறது. அன்றும் அவர் வருவதில்லை. "இத்தனை வாரம் பூசை காணாமல் இருந்துவிட்டு, இன்றைக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது? நற்கருணை வாங்கலாமோ, கூடாதோ?" என்று ஒரு தயக்கம். போனால் நான்கு பேர் கேட்பார்களே என்று ஒரு கூச்சம். தயக்கம் பழக்கமாகிறது. ஓரிரு ஆண்டில், கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் மட்டும் வருகிறவர் ஆகிவிடுகிறார். அவர் ஆண்டவரை வெறுத்துப் போகவில்லை. அவருடைய வேலை நேரம் மாறியது, அவ்வளவுதான். அந்த மாற்றத்தோடு எப்படி நடப்பது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாமும் அவரைத் தேடிப் போகவில்லை.

திருவள்ளூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை வாழும் நம்மில், இந்த மனிதர் இல்லாத அன்பியம் இருக்க முடியாது. எனவே இன்று, அன்றாட வாழ்வில் வரும் மாற்றத்தை நம்பிக்கையோடு எதிர்கொள்வது எப்படி என்பதை, அவரை மனத்தில் வைத்தே சிந்திப்போம்.

நம் மண்ணில் வந்த மாற்றம்

நம் தாத்தா பாட்டிகள் கண்ட ஊர் வேறு, நாம் காணும் ஊர் வேறு. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது 1944இல். சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டது 1971இல். அதன் பின் கும்மிடிப்பூண்டியில் தொழில் வளாகம் வந்தது. செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டு, 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது. எண்ணூர் துறைமுகம் 2001இல் செயல்படத் தொடங்கி, 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாறியது. கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகள் இணைக்கப்பட்டு, 2020இல் சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம் ஆயின.

நிலத்தின் முகம் மாறியபோது வீட்டுக் கடிகாரமும் மாறிப்போயிற்று. வயலில் வேலை செய்தவருக்குச் சூரியன்தான் கடிகாரம். விதைப்பும் அறுப்பும் எப்போது என்று ஊருக்கே தெரியும். திருவிழாவும் அதற்கேற்ப அமைந்தது. இன்று ஒரே வீட்டில் அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்ட், மகன் நைட் ஷிப்ட், மகள் ஜெனரல் ஷிப்ட். காலை ஆறு மணிக்கு ஒருவர் செருப்பை மாட்டும்போது இன்னொருவர் செருப்பைக் கழற்றுகிறார். ஒரே கூரையின் கீழ் இருந்தும், ஒருவரையொருவர் விழித்த முகத்தோடு பார்த்து மூன்று நாள் ஆகியிருக்கும். குடும்ப செபம் சொல்ல ஆள் கூடுவதில்லை. அம்மா மட்டும் மாதா படத்தின் முன் செபமாலை சொல்லி முடித்து, மூடி வைத்த சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இந்த மாற்றத்தால் நன்மையே இல்லை என்று நாம் சொல்ல முடியாது. ஓட்டு வீடு மாடி வீடானது இந்தச் சம்பளத்தில்தான். பெண்பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், தங்கள் சொந்தக் காலில் நிற்பதும் இதனால்தான். ஆனால் விலையும் கொடுத்திருக்கிறோம். இரண்டையும் ஆண்டவர் முன் நேர்மையாக ஒப்புக்கொள்வதே நம் முதல் படி.

வெங்காயமும் கூடாரமும்

மாற்றம் வந்தபோது இஸ்ரயேல் மக்கள் என்ன செய்தார்கள்? எண்ணிக்கை நூலின் 11-ஆம் அதிகாரத்தை வாசித்தால் நமக்குச் சிரிப்பும் வரும், வெட்கமும் வரும். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டு வந்தவர்கள், எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள். சாட்டையடி மறந்துபோயிற்று, வெங்காயம் மட்டும் நினைவில் நின்றது. "அந்தக் காலம்போல் வராது" என்று நாம் பெருமூச்சு விடும்போது, நம் நினைவும் இப்படித்தான் வேலை செய்கிறது. அந்தக் காலத்தில் இருந்த பட்டினியும், கந்துவட்டியும், சாதியின் பெயரால் தெருவில் நடக்க முடியாத நிலையும் நமக்கு மறந்துவிடுகின்றன.

முணுமுணுத்த அந்த மக்களை ஆண்டவர் விட்டுவிட்டாரா? இல்லை. அவர்கள் கூடாரத்தில் வாழ்ந்தார்கள் என்பதால், அவரும் கூடாரத்தில் தங்கினார். விடுதலைப் பயண நூல் அந்தக் காட்சியோடுதான் முடிகிறது. மேகம் எழும்பினால் மக்கள் புறப்படுவார்கள், மேகம் நின்றால் அவர்களும் நிற்பார்கள். சில வேளை இரண்டு நாள், சில வேளை ஒரு மாதம், சில வேளை அதற்கும் மேல். தாவீது அரசர் தமக்கு ஒரு கோவில் கட்டித் தர விரும்பியபோதும், இதுநாள்வரை நான் கூடாரத்திலேயே உங்களோடு நடந்து வந்தேன் என்பதைத்தான் ஆண்டவர் அவருக்கு நினைவூட்டினார். வாக்கு மனிதரானார், நம்மிடையே குடிகொண்டார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறதல்லவா? அங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்குக் கூடாரம் அடித்துத் தங்கினார் என்பதே பொருள். நம் கடவுள் ஓரிடத்தில் அமர்ந்துகொண்டு, முடிந்தால் வந்து என்னைப் பார் என்று சொல்கிறவர் அல்லர். நாம் எங்கே போக நேர்கிறதோ அங்கே கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு வருகிறவர்.

நாசரேத்தின் திருக்குடும்பமும் இதை அறிந்திருந்தது. எழுந்து எகிப்துக்கு ஓடு என்று கனவில் கேட்ட புனித யோசேப்பு விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார் என்கிறது மத்தேயு நற்செய்தி. பெத்லகேம், எகிப்து, நாசரேத் என்று ஊர் மாறியது. அவரோடு மாறாமல் இருந்தவை இரண்டு: அவருடைய உழைப்பு, அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட குடும்பம்.

ஞாயிறு விடுமுறை இல்லாத 300 ஆண்டுகள்

இப்போது நம் ஷிப்ட் தொழிலாளிக்கு வருவோம். ஞாயிறு என்றால் விடுமுறை, விடுமுறை என்றால் பூசை என்றே நாம் பழகிவிட்டோம். ஆனால் திருச்சபையின் தொடக்கத்தில் நிலைமை அப்படி இல்லை. உரோமைப் பேரரசில் ஞாயிறு ஒரு சாதாரண வேலை நாள். கிறிஸ்தவர்களில் பலர் அடிமைகள், கூலிகள், கைத்தொழில் செய்தவர்கள். அவர்களுக்கு விடுப்புத் தர யாரும் இல்லை. பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வு நாளாக அறிவித்தது 321-ஆம் ஆண்டில்தான். ஏறக்குறைய 300 ஆண்டுகள், நம் முன்னோர் வேலைக்கு முன்போ பின்போதான் ஆண்டவருடைய நாளைக் கொண்டாடினார்கள்.

இதற்குக் கிறிஸ்தவர் அல்லாத ஒருவருடைய சாட்சியும் உண்டு. சுமார் 112-ஆம் ஆண்டில், இன்றைய துருக்கியில் ஆளுநராக இருந்த பிளினி என்பவர் பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில், பொழுது விடியும் முன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் புகழ்ந்து பாடுகிறார்கள் என்பது அதில் உள்ள செய்தி. விடிந்தால் வேலைக்குப் போக வேண்டுமே!

திருத்தூதர் பணிகள் நூலின் 20-ஆம் அதிகாரம் இன்னொரு காட்சியைத் தருகிறது. துரோவா நகரில், வாரத்தின் முதல் நாள், அப்பம் பிட்பதற்காக மக்கள் கூடியிருக்கிறார்கள். அது இரவு நேரம். மாடி அறையில் விளக்குகள் பல எரிகின்றன. பவுல் நள்ளிரவுவரை பேசிக்கொண்டே இருக்கிறார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த யூத்திகு என்ற இளைஞர் தூங்கிவிடுகிறார். தூக்கத்தில் மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுகிறார். தூக்கிப் பார்த்தால், உயிர் இல்லை.

அந்த இளைஞர் பகலெல்லாம் என்ன வேலை செய்தாரோ, நூல் சொல்லவில்லை. பவுல் செய்ததைத்தான் அது சொல்கிறது. கோவிலுக்கு வந்து தூங்குகிறாயே என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. பேச்சை நிறுத்தினார், மாடியிலிருந்து இறங்கினார், குனிந்து அந்த இளைஞரைத் தழுவிக்கொண்டார். உயிர் இருக்கிறது, கலங்காதீர்கள் என்றார். பிறகு மேலே போய் அப்பத்தைப் பிட்டார். மக்கள் அந்த இளைஞரை உயிருடன் வீட்டுக்கு அழைத்துப் போய் ஆறுதல் அடைந்தார்கள். களைத்துத் தூங்கியவரைத் தேடி இறங்கி வருவதும், அப்பம் பிட்பதும் அன்றிரவு ஒரே வழிபாட்டில் அடங்கியிருந்தன.

தொழிலாளிக்காக மாறிய சட்டம்

திருச்சபை இந்தப் பாடத்தை மறந்துவிடவில்லை. நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு காலத்தில் நற்கருணை வாங்க வேண்டுமானால் நள்ளிரவு முதல் எதுவும் உண்ணக் கூடாது, ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. திருப்பலியும் பொதுவாகக் காலையில் மட்டுமே. நைட் ஷிப்டில் நின்று, மூன்று மணிக்குத் தூக்கம் கலைய ஒரு டீ குடித்த தொழிலாளி காலையில் நற்கருணை வாங்க முடியாது.

இதைத் திருத்தந்தை 12-ஆம் பயஸ் கண்டார். 1953 சனவரி 6-ஆம் நாள் ஓர் ஆணை வெளியிட்டார். தொழிற்சாலைகளிலும் போக்குவரத்திலும் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மாறி மாறி உழைப்பவர்களின் நிலையை அதிலேயே குறிப்பிட்டு, தண்ணீர் குடிப்பது நற்கருணை நோன்பை முறிக்காது என்றார். மாலைத் திருப்பலிக்கும் வழி திறந்தார். 1957இல், புனித யோசேப்பின் திருநாளாகிய மார்ச் 19 அன்று, நோன்பு நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். 1964இல் திருத்தந்தை புனித 6-ஆம் பவுல் அதை ஒரு மணி நேரம் ஆக்கினார். இன்று மாலைப் பூசைக்குப் போகும் நாம், பல நூற்றாண்டுப் பழக்கம் ஒன்றைத் திருச்சபை தொழிலாளியை நினைத்துத் தளர்த்தியதன் பலனைத்தான் அனுபவிக்கிறோம்.

எதற்காக அந்த விதி மாறியது? நற்கருணையின் மதிப்பு குறைந்துவிட்டது என்பதற்காகவா? அல்ல. நற்கருணை மாறக் கூடாது என்பதற்காகவே அதைச் சுற்றியிருந்த நேரம் மாறியது. ஓய்வுநாள் மனிதருக்காக உண்டாக்கப்பட்டது என்று ஆண்டவர் மாற்கு நற்செய்தியில் கற்பித்ததும் இதையே. அன்றாட வாழ்வின் மாற்றங்களை அளந்து பார்க்க நமக்கு ஓர் அளவுகோல் இங்கே கிடைக்கிறது. ஆளைக் காப்பாற்றுவதற்காக நேரத்தை மாற்றலாம், நேரத்தைக் காப்பாற்றுவதற்காக ஆளை இழந்துவிடக் கூடாது.

அந்தச் சகோதரருக்கு நம் பதில்

அப்படியானால், வாசலில் நின்று தலைகுனிந்து போன நம் சகோதரருக்கு என்ன சொல்வோம்?

முதலாவது, ஞாயிறு கடமையைத் தக்க காரணமின்றி, மனமறிந்து விடுவதுதான் பாவம் என்று திருச்சபை கற்பிக்கிறது. நோயுற்றவரும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவரும், தவிர்க்க முடியாத வேலையில் இருப்பவரும் அப்படி விடுகிறவர்கள் அல்லர். குடும்பத்துக்குச் சோறு போடும் வேலையில் அந்த நேரத்தில் நின்றதால் நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை. மனத்தில் உறுத்தல் இருந்தால் பங்குத்தந்தையிடம் பேசுங்கள், ஒப்புரவு அருளடையாளத்தை நாடுங்கள். ஆனால் வெட்கத்தால் விலகி நிற்காதீர்கள்.

இரண்டாவது, 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 1248, சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடமை நிறைவேறும் என்கிறது. நம் பங்கில்தான் பங்கேற்க வேண்டும் என்றும் இல்லை. கத்தோலிக்கத் திருப்பலி நடக்கும் எந்தக் கோவிலிலும் பங்கேற்கலாம். வேலை முடிந்து இறங்கும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கோவிலில் எத்தனை மணிக்குப் பூசை என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, எதுவுமே இயலாத வாரங்களில், தனியாகவோ குடும்பமாகவோ சில குடும்பங்கள் சேர்ந்தோ, தக்க நேரம் இறைவேண்டலில் செலவிடும்படி அதே சட்டம் பரிந்துரைக்கிறது. அந்த ஞாயிறின் நற்செய்தியை வாசித்து, சிறிது நேரம் மௌனமாக இருந்து, வீட்டாருக்காகவும் கூட வேலை செய்பவர்களுக்காகவும் செபிக்கலாம். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் இதைச் செய்யலாம். யூத்திகுவும் ஜன்னலில்தானே உட்கார்ந்திருந்தார்!

எல்லா மாற்றமும் இறைவிருப்பமா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மாற்றத்தை ஏற்றுக்கொள் என்று மட்டும் போதிப்பது நற்செய்தி ஆகாது. சில மாற்றங்கள் எளியவரின் முதுகில் ஏற்றப்படும் சுமைகள். அவற்றுக்குக் கிறிஸ்தவர் தலையாட்ட வேண்டியதில்லை.

இணைச்சட்ட நூலின் 5-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஓய்வுநாளில் நீ மட்டும் ஓய்ந்திருந்தால் போதாது. உன் வேலைக்காரரும், உன் மாடும், உன் ஊரில் தங்கியுள்ள அந்நியரும் ஓய்ந்திருக்க வேண்டும். காரணம், நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய். ஓய்வு என்பது விசுவாசியின் வழிபாடு, அத்துடன் அடிமை அல்லாதவரின் அடையாளம்.

நம் நாட்டில் இந்த உரிமை தானாக வந்துவிடவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, 1890இல் அவர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மறு ஆண்டு, 1891 மே 15 அன்று, திருத்தந்தை 13-ஆம் லியோ தொழிலாளர் நிலைபற்றிய சுற்றுமடலை வெளியிட்டு, நியாயமான கூலியும் வார ஓய்வும் தொழிலாளரின் உரிமை என்று உலகுக்குச் சொன்னார். 1923இல் சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1955இல் திருச்சபையும் அதே மே 1-ஐத் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளாக ஏற்படுத்தியது. சுதந்திர இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், வாரத்துக்கு 48 மணி நேர எல்லை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி ஆகியவற்றை விதித்தது. 2023 ஏப்ரலில், நாளொன்றுக்கு 12 மணி நேரம்வரை வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்களும் பல கட்சிகளும் எதிர்த்தன. அந்த ஆண்டு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

வேலை மனிதருக்காக, மனிதர் வேலைக்காக அல்ல என்பது புனித 2-ஆம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்புபற்றி எழுதிய சுற்றுமடலின் உயிர்நாடி. 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த அவரை நம்மில் பலர் நேரில் கண்டிருக்கிறோம். அவர் இதை நூலகத்தில் மட்டும் கற்றவர் அல்லர். போர்க்காலத்தில், இளைஞராக, போலந்தின் கிராக்கோவில் கல் குவாரியிலும், பின்பு இரசாயனத் தொழிற்சாலையிலும் கூலிக்கு வேலை செய்தவர். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14-ஆம் லியோ, தொழிற்புரட்சிக் காலத்தில் தொழிலாளர் பக்கம் நின்ற 13-ஆம் லியோவை நினைத்தே அப்பெயரைத் தேர்ந்துகொண்டதாகச் சொன்னார். செயற்கை நுண்ணறிவு கொண்டுவரும் புதிய மாற்றங்களையும் அப்போது சுட்டிக்காட்டினார்.

எனவே, பாதுகாப்புக் கவசம் இல்லாமல் சூட்டில் நிறுத்தப்படும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்காகப் பேசுவதும், வார ஓய்வைக் கேட்பதும் விசுவாசக் குறைவு ஆகாது. நம்மில் மேற்பார்வையாளராக, காண்ட்ராக்டராக, முதலாளியாக இருப்பவர்களுக்கும் இதே வாசகம்தான். ஷிப்ட் அட்டவணை போடும் கையும் ஞாயிறன்று நற்கருணை வாங்கும் கையும் ஒன்றே.

பக்கத்து வீட்டுக்கு வந்தவர்கள்

நம் தெருவில் இன்று ஒடியாவும் இந்தியும் கேட்கிறது. கும்மிடிப்பூண்டியிலோ காக்களூரிலோ ஒரே அறையில் எட்டுப் பேராகத் தங்கி வேலை செய்யும் இளைஞர்களில் கத்தோலிக்கர்களும் உண்டு. ஜார்க்கண்டின் பழங்குடி மக்களிடையே, 1885இல் அங்கு சென்ற பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்சின் பணியால் வேரூன்றிய விசுவாசம் அவர்களுடையது. ஒடிசாவின் கந்தமாலில், 2008இல் கிறிஸ்துவின் பெயருக்காக வீடிழந்து காட்டில் ஒளிந்த மக்களும் நம் சகோதரர்களே. தமிழ் தெரியாததால் அவர்கள் கோவிலின் கடைசித் தூணோரம் நிற்கிறார்கள். பாட்டின் சொற்கள் புரியாவிட்டாலும், எழுந்தேற்றத்தின்போது எப்போது முழந்தாளிட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. 1990 வாக்கில் கடல் கடந்து வந்தவர்கள் அங்கே பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டார்கள். 2021 முதல் அந்த முகாம்கள் மறுவாழ்வு முகாம்கள் என்று அழைக்கப்படுகின்றன. மாற்றம் என்றால் என்ன என்று நாம் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய மடலில், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பதே ஆண்டவரின் அறிவுரை. அதை வாழ்ந்து காட்டியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

திராட்சைத் தோட்ட உவமையில் உரிமையாளர் ஐந்து முறை கடைத்தெருவுக்குப் போகிறார். விடியலில், ஒன்பது மணிக்கு, நண்பகலில், மூன்று மணிக்கு, ஐந்து மணிக்கு. தொழிலாளர் தம்மைத் தேடி வரட்டும் என்று அவர் தோட்டத்தில் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு ஷிப்டுக்கும் அவர் போனார் என்று நம் பாணியில் சொல்லலாம்!

நாம் செய்யக்கூடியவை

பங்கு என்ற முறையில், நாமும் நேரத்தை மாற்றிப் பார்ப்போமா? ஒவ்வோர் அன்பியமும் தன் குடும்பங்களில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று கேட்டுப் பங்குப் பேரவைக்குச் சொல்லட்டும். எந்த நேரத்தில் பூசை வைத்தால் அதிகம் பேர் வர முடியும் என்று பங்குத்தந்தையோடு சேர்ந்து யோசிப்போம். அன்பியக் கூட்டத்தை எப்போதும் ஒரே நாள், ஒரே மணிக்கு வைக்காமல் மாற்றி மாற்றி வைப்போம். ஒடியா, இந்தி பேசும் சகோதரர் ஒருவரை அவர் மொழியில் ஒரு மன்றாட்டுச் சொல்ல அழைப்போம்.

வீட்டில் காலண்டரில் எல்லாருடைய ஷிப்டையும் எழுதி வைத்து, எல்லாரும் விழித்திருக்கும் ஒரு வேளையைக் கண்டுபிடிப்போம். அது செவ்வாய் இரவாகவும் இருக்கலாம், வியாழன் மதியமாகவும் இருக்கலாம். அந்த வேளையில் டி.வி.யும் செல்போனும் அணைந்திருக்கட்டும். ஒன்றாக உண்போம், ஒரு அருள்நிறை மரியே சொல்வோம். பத்து நிமிடம் போதும்.

கோவில் வாசலில் கேட்கும் கேள்வியையும் மாற்றுவோம். நெடுநாள் கழித்து வருகிறவரிடம் "ஏன் இத்தனை நாளாக வரவில்லை?" என்று கேட்க வேண்டாம். "இந்த வாரம் எந்த ஷிப்ட், தம்பி? நல்லாத் தூங்கினீங்களா? வாங்க, உட்காருங்க" என்போம். துரோவாவில் பவுல் படியிறங்கி வந்தது போல, நாமும் ஒரு படி இறங்கியதாக அது இருக்கும்.

செபிப்போம். பகலையும் இரவையும் படைத்த ஆண்டவரே, இரவில் விழித்து உழைக்கும் எங்கள் பிள்ளைகளோடு நீரும் விழித்திரும். மாறுகின்ற எங்கள் நாள்களில், எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று அறியும் ஞானத்தைத் தாரும். எங்கள் நடுவே இடமின்றித் தூணோரம் நிற்பவரிடத்தில் உம் முகத்தைக் காணச் செய்யும். தொழிலாளரான புனித யோசேப்பே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.